பெற்றவள் வெளியே

ராயபுரத்தில் எங்கள் தெரு முஸ்லிம் வீடுகளில் பெண் யாராவது இறந்தால், முதலில் ஆள் ஓடுவது என் எதிர்வீட்டு சாபிராவிடம்தான். மையத்தை, அதாவது இறந்த உடலை, குளிப்பாட்ட அவளை விட்டால் ஆளில்லை. அதற்குக் காசு வாங்க மாட்டாள்; வயிற்றுப்பாட்டுக்குத் தையல் மிஷின் இருந்தது. ஆனால் கண்டிப்புக்காரி. திரை கட்டியதும் இறந்தவளின் தாயை வெளியே அனுப்பிவிடுவாள்.

"பெத்தவ வெளிய குந்து. நீ அழுதா என் கை நடுங்கும்" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள், ஃபரா. மருமகன் ஒவைஸ் எண்ணூரில் வெல்டராக இருந்து கனடா போனவன். அங்கே அவனுக்கு இரண்டு ஊரில் வேலை கிடைத்தது. ஒன்று பெரிய நகரம். பள்ளிவாசல், ஹலால் கறி, தமிழ்க் கடை எல்லாம் உண்டு. சம்பளத்தில் பாதியை வாடகையே தின்றுவிடும். இன்னொன்று வடக்கே பனிக்காட்டில் ஒரு சுரங்க ஊர். சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு. நம் ஜனம் என்று ஒருவரும் கிடையாது.

ஃபராவுக்கு நகரத்தின் மேல்தான் ஆசை. போனில் அம்மாவைக் கேட்டாள்.

"தொழுகைய வூட்லயே தொழுதுக்கலாம்டி. கறி கெடைக்கலன்னா மீனு துன்னு. நாலு வருஷம் பல்லக் கடிச்சிகினு இருந்தா சொந்தமா ஒரு வூடு ஆவும். நாம வாடக வூட்ல பட்டத மறந்துட்டியா?" என்றாள் சாபிரா.

சுரங்க ஊருக்கே போனார்கள். பேராசை என்று தெருவில் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் சட்டி பானையைத் தூக்கித் தெருவில் வைத்த அன்று சாபிரா நின்ற நிலையை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

போன ஜனவரியில் ஃபரா அந்தச் சுரங்க ஊரில், சமையலறையில் சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முப்பது வயதுகூட ஆகவில்லை. குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் நகரத்திலிருந்து கிளம்பினார்கள். பனி கொட்டியதில் சாலையை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டினவனே குளிப்பாட்டலாம் என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார்.

"நீயே செய்யி நைனா. நான் சொல்லித் தர்றேன்" என்றாள் சாபிரா.

சாயங்கால மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. அங்கே அப்போதுதான் விடிந்ததாம். போனைத் தையல் மிஷின் மேல் வைத்தாள். படம் வேண்டாம், குரல் போதும் என்றாள்.

"தண்ணி சூடா கீதா?"

"வெதுவெதுப்பா கீது மாமி."

"மொதல்ல வலது பக்கம். மெதுவா ஊத்து, அவளுக்கு நோவும்."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் குரல் உடையவே இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். நடுவில் என் பக்கம் சாய்ந்தாள்.

"பள்ளிவாசல யோசிச்சேன், கறிய யோசிச்சேன்க்கா. இத்த யோசிக்கல. நானே யோசிக்கலியே."

பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப முடியச் சீவி, மூணு பின்னலா போட்டு வுடு."

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எனக்குப் பின்னத் தெரியாது மாமி."

சாபிரா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வெறும் காற்றில் பின்ன ஆரம்பித்தாள். போனில் படம் இல்லை. அவன் "மாமி, மாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.