இந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய்?

போன வாரம் பெங்களூரில் தரையிறங்கி, பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு கைப்பேசியைத் திறந்தேன். பழைய அலுவலகக் குழுவில் வரிசையாகச் செய்திகள். அருள்ராஜ் போய்விட்டான். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. நல்ல வேளை, அன்று நான் ஓட்ட வேண்டிய கடைசி விமானம் அதுதான்.

ஹெப்பகோடி அலுவலகத்தில் அவனோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவன் சிரிக்க வைக்கிறவன். ஆண் பெண் பாராமல் எல்லாரையும் "குரு" என்று கூப்பிடுகிறவன். எங்கள் இருவரில் விமானி ஆக முதலில் ஆசைப்பட்டவன் அவன்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அந்த ஆசை எனக்கு அவனிடமிருந்து தொற்றியது.

பொம்மனஹள்ளி நெரிசலில் அலுவலக வேன் நிற்கிற நேரமெல்லாம் எங்களுக்கு இதே பேச்சு. வெளிநாட்டில் படித்தால் உரிமம் சீக்கிரம் வரும். இங்கே படித்தால் இழுக்கும். விமான நிறுவனங்கள் நடத்தும் திட்டத்தில் சேர்ந்தால் வேலைக்கு ஓரளவு உறுதி உண்டு, ஆனால் செலவு கழுத்தை நெரிக்கும். வெளிநாட்டு விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்டது. நான் கட்டத் துடித்தேன்.

"முதல்ல மெடிக்கல், குரு. உடம்பு ஓகேன்னு பேப்பர் வரட்டும்" என்றான்.

"கண்ணாடிகூடப் போடாத நமக்கு எதுக்குடா மெடிக்கல்?" என்று எரிந்து விழுந்தேன். இந்த ஆசை பிடித்தவர்கள் செய்கிற தப்பு அது. பணத்தைக் கட்டிவிட்டுத்தான் உடம்பைக் காட்டப் போவார்கள்.

ஒரே நாளில் இருவரும் போனோம். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். நான் படபடவென்று படித்துவிட்டேன். உள்ளே போன அவன் வெகுநேரம் வரவில்லை. "அந்த புக்குல நம்பர் இருந்துச்சா குரு? எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். மறுபரிசோதனையிலும் அதே முடிவு. சிவப்பையும் பச்சையையும் தன் கண் குழப்புகிறது என்பது இருபத்தாறு வயதுவரை அவனுக்கே தெரியாது. அவன் விமானி ஆகும் பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்று வாரம் நான் அவன் முகத்தில் விழிக்கவில்லை. வேனைக்கூட மாற்றிக்கொண்டேன். கடைசியில் கேன்டீனில் பிடித்துவிட்டான்.

"ஏன் தாயே, கண்ணு பழுது எனக்கு. நீ ஏன் ஒளிஞ்சு ஒளிஞ்சு போறே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நானும் விட்டுவிடுகிறேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"சும்மா நாடகம் போடாதே. எனக்குப் பொறாமையா இருக்கு, இல்லேன்னு சொன்னா பொய். ஆனா நீயும் போகலேன்னா இன்னும் கடுப்பாகும்."

பிறகு என் வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பள்ளி பள்ளியாக மாணவர்களின் போன் எண்களைத் தேடிப் பிடித்துப் பேசினான். "ஆபீஸ்ல கேட்டா எத்தனை பிளேன் இருக்குன்னு சொல்வாங்க. பசங்களைக் கேளு, இந்த மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்கன்னு" என்பான். விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை என்று தரையிலேயே மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்கள் உண்மையைக் கொட்டினார்கள். நான் முன்பணம் கட்டத் துடித்த பள்ளி அந்த ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போனது. கடைசியில் நம் நாட்டிலேயே, வடக்கே ஒரு சின்ன ஊரில் சேர்ந்தேன். அதற்கு முன் எழுத்துத் தேர்வுகளுக்காகச் சனிக்கிழமைதோறும் எதிரே உட்கார்ந்து வானிலைக் கேள்விகள் கேட்டான். தப்பாகச் சொன்னால், "ஐயோ, பாசஞ்சர் பாவம்" என்று நெற்றியில் அடித்துக்கொள்வான்.

அடக்கத்தன்று அவன் மனைவி என் கையை விடவே இல்லை. "எந்த பிளேன் மேல போனாலும் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, 'பாரு, நம்ம குரு போறா'ன்னு காட்டுவாரு" என்றாள்.

அப்போதிலிருந்து ஒன்று என்னைக் குடைகிறது. அன்று புள்ளிகளுக்கு நடுவே இருந்த எண்கள் என் கண்ணுக்குத் தெரியாமல் போய், அவன் தேறியிருந்தால், சனிக்கிழமைதோறும் அவன் எதிரே நான் உட்கார்ந்திருப்பேனா? மாட்டேன். அவன் போனைக்கூட எடுத்திருக்க மாட்டேன். அருள்ராஜிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த வெட்கம்தான். இதை நான் விடப்போவதில்லை.