அப்டேட்டை அழுத்தியது நான்தான்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாலோ பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்தது இது. அறிவியல் ஆசிரியையான எனக்கு ரோபோட்டிக் குழுவும் பொறுப்பு. வேறொரு பள்ளி பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஒரே ஒரு கண்ட்ரோலர்தான் எங்களிடம் இருந்தது. ரோபோவுக்கு மூளையாக இருக்கும் சிறு பெட்டி அது. ஓரம் உடைந்து டேப் ஒட்டியிருந்தாலும் நன்றாகவே ஓடியது.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு அதன்மேல் உயிர். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை உட்கார்ந்து புரோகிராம் எழுதுவாள். ஐந்து மாத உழைப்பில் அவளுடைய ரோபோ கறுப்புக் கோட்டின் மேலேயே பிசகாமல் ஓடி, பந்தை எடுத்துக் கூடையில் போட்டது. ஜொகூர் பாருவில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம்.

போட்டிக்கு முதல் நாள், பிள்ளைகள் கேண்டீனுக்குப் போன நேரத்தில் கண்ட்ரோலரை மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபெர்ம்வேர் புதிதாக வந்திருக்கிறது, அப்டேட் செய்யவா என்று திரை கேட்டது. புதியது என்றால் நல்லதுதானே என்று அழுத்திவிட்டேன். பாதியில் நின்றது. பெட்டியின் விளக்கு அணைந்தது. என்ன செய்தும் மறுபடி எரியவில்லை.

வெளியே போய், ஜொகூர் பாருவில் இவற்றை விற்கும் கடைக்குப் போன் செய்தேன்.

"அந்த மாடல நிறுத்தி ரொம்ப நாளாச்சு டீச்சர். பழைய ஃபெர்ம்வேர் எங்ககிட்டயும் இல்ல. அப்டேட் பண்ணாம விட்டிருந்தா இன்னும் சில வருசம் ஓடியிருக்கும் லா," என்றார் கடைக்காரர்.

அறைக்குத் திரும்பினால், பிள்ளைகள் கேண்டீனிலிருந்து வந்துவிட்டிருந்தார்கள்; அந்த மாணவி கையில் கேபிளோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், இப்பதான் சொருகுனேன். ஆன் ஆக மாட்டேங்குது. நான் கெடுத்துட்டேனா?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைமையாசிரியர் வாசலில் வந்து என்னவென்று கேட்டார். "பழைய பெட்டி சார், போயிருச்சு," என்றேன். அவள் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. குழுவிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கேபிளைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போட்டிக்கு நாங்கள் போகவில்லை. அவளும் அதன்பிறகு குழுவுக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, மனது கேட்காமல், அவளைத் தனியாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டாள்.

"பரவால்ல டீச்சர். நான் அழக்கூடாதுன்னுதான இப்டி சொல்றீங்க?"

தலைமையாசிரியரிடமும் பிள்ளைகளிடமும் என் தவறை ஒப்புக்கொண்டேன். அதையும் அவள் நம்பவில்லை. ஆறாம் ஆண்டு முழுக்கக் கணினி வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோழி தட்டுவதைப் பார்த்தபடி நிற்பாள். தொடச் சொன்னால், "வேணாம் டீச்சர், கெட்டுப்போயிரும்" என்பாள். அப்படியே இடைநிலைப்பள்ளிக்கும் போய்விட்டாள்.

அன்றைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டிய உண்மை அது. பிறகு எத்தனை முறை சொல்லியும் அந்தப் பிள்ளையிடம் அது போய்ச் சேரவே இல்லை.