மூன்றாவது கூப்பாடு

குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, வாய்க்கால் கரையோடு வயல்களைக் கடந்து, பழைய ஜமீன் தோட்டத்துக்குள் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறினால் மெயின் ரோடு. ரோட்டோடு திரும்பினால் வீடு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து, காலையில் இருவரும் இந்தச் சுற்றுத்தான் நடந்தோம்.

தோட்டம் எனக்குப் பிடிக்காது. பூட்டிக் கிடக்கும் பங்களா, யாரும் காய் பறிக்காத மாமரங்கள், பாசி மூடிய குளம். சாரல் காலத்தில் விடிந்து வெகுநேரம் ஆனாலும் உள்ளே இருட்டுத்தான். போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு அதெல்லாம் உறைக்காது. நான் பயப்படுவது தெரிந்து வேண்டுமென்றே பின்தங்கி, மரத்துக்குப் பின்னால் நின்று குரலை மாற்றி, என்னை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி "ஏட்டி" என்பார். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். மீதி வழி சண்டையில் கழியும்.

அன்றைக்கும் சாரல். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். குளத்தைத் தாண்டியதும் பின்னால் "ஏட்டி" என்று கேட்டது. மெலிந்த குரல். அவருடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆளில்லாத இடத்தில் முதல் கூப்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் திரும்ப மாட்டோம். பேய் மூன்று தடவை கூப்பிடாது என்பார்கள். மூன்றாவதும் கேட்டால்தான் மனுஷர். திரும்பாமல் நின்றேன். மறுபடியும் "ஏட்டி". பேயோ, இவருடைய விளையாட்டோ, எதுவானாலும் திரும்பக் கூடாது என்று காத்திருந்தேன். மூன்றாவது வரவில்லை. நடையை எட்டிப் போட்டேன்.

ரோட்டோர டீக்கடையில் நின்றேன். சிரித்துக்கொண்டே வருவார், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. கடைக்காரர்தான், சாரை இன்னும் காணலியே என்றார். இருவரும் ஓடினோம்.

குளக்கரையில் மாமரத்தடியில் சரிந்து கிடந்தார். மூச்சு இருந்தது. ஆட்டோவில் என் மடியில் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு வாட்டி கூப்பிட்டேம்லா. மூணாவதுக்கு மூச்சு வரல."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் எவ்வளவோ தடுத்தும் இன்றுவரை அதே சுற்றைத்தான் நடக்கிறேன். சாரல் இறங்கும் நாட்களில், குளத்தைத் தாண்டியதும் பின்னால் கூப்பிடுகிறது. ஒரே ஒரு தடவை. பேயென்றால் பேயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு கூப்பாட்டுக்கே திரும்பி நின்று, "இந்தா நிக்கேன், வாங்க" என்கிறேன்.