தெரியலைன்னு விட்ட இடம்

என் கைடை நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டுதான் வருது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஆறு வருஷம் பிஎச்டி பண்ணினேன். சனிக்கிரகத்தைச் சுத்துற பெரிய நிலா டைட்டன். அதோட தரை எங்கெங்க எப்படி இருக்குன்னு பிரிக்கிறது என் வேலை. விண்கலம் அனுப்பின டேட்டா ரெண்டு வகை. தரை கரடுமுரடா, வழுவழுப்பான்னு ரேடார் சொல்லும். அது என்ன சரக்குன்னு அகச்சிவப்புப் படம் ஓரளவு சொல்லும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மணல்மேடு, சமவெளி, மலை, ஏரின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் குடுக்கணும்.

நடுக்கோட்டுக்குப் பக்கத்துல ஒரு இடம் மட்டும் எதுலயும் அடங்க மாட்டேன்னுச்சு. அகச்சிவப்பு மணல்ங்குது; மணல்னா ரேடார்ல வழுவழுப்பாத் தெரியணும், ஆனா ரேடார் கரடுமுரடுங்குது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், அதேதான். கலர் அடிக்காம 'தெரியலை'ன்னு விட்டேன். ஆறு வருஷத்துல நான் புதுசாக் கண்டது அது ஒண்ணுதான்.

எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு பழக்கம். தீசிஸ் மேப்ல வெறும் இடம் இருக்கக் கூடாது. பரீட்சையில தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதி வைக்கிற அதே புத்தி. கைடு மேப்பைப் பார்த்துட்டு, "மணல்னு அடிச்சு விடும்மா. உங்க வீட்டுல முதல் டாக்டர் பட்டம், வாங்கிட்டுப் போற வழியப் பாரு"ன்னாரு. 'உங்க வீட்டுல'ன்னு இழுத்தாரே, அம்புட்டும் அதுலதான் இருந்துச்சு. களையெடுக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கண்டுபிடிப்பு எதுக்குங்கிற தொனி. அவர் கையெழுத்து இல்லாம ஒரு தாள் நகராது. அடிச்சேன்.

வைவா அன்னைக்கு, வெளியூர்ல இருந்து வந்த தேர்வாளர் நேரா அந்த இடத்துல விரலை வச்சாரு. ரேடார் இங்க கரடுமுரடுன்னு காட்டுதே, மணல்னு எப்படிப் போட்டீங்கன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கைடு முந்திக்கிட்டாரு.

"பிள்ளை கவனிக்காம விட்டிருச்சு சார். திருத்தச் சொல்றேன்."

பழைய மேப் என் லேப்டாப்லதான் இருந்துச்சு. திறந்து காட்ட எம்புட்டு நேரம் ஆகும்?

"ஆமா சார், என் தப்புதான்"னேன்.

இதை மட்டும் தனியா எடுத்துப் பார்த்திருந்தா நல்ல பேப்பர் வந்திருக்குமேன்னு சொல்லிட்டு, தேர்வாளர் பாஸ் போட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. சீ, என்ன பிழைப்பு.

வெளிய அப்பா நின்னாரு, ஆரப்பாளையத்துல பஸ் மாறையில வாங்கின லட்டு டப்பாவோட. முதல் லட்டு கைடுக்குத்தான். குடுத்துட்டு, நிலத்துக்காரங்க முன்னாடி ஒரு காலத்துல நின்ன மாதிரியே குனிஞ்சு, ரெண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாரு. நீங்க இல்லைன்னா எம்பிள்ளை ஏது சாமின்னாரு. கைடு லட்டை மென்னுக்கிட்டே தலையாட்டினாரு.

கையை இறக்குங்கப்பான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அதையும் நான் சொல்லலை.