ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. வாசலில் கிடக்க வேண்டியது, சமையலறைக்குள், ஃப்ரிட்ஜுக்கு நேர் முன்னால், கால் நுழைக்கத் தோதாகத் திரும்பிக் கிடக்கும். அறந்தாங்கியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டை நினைத்தால் முதலில் அந்தச் செருப்புதான் கண்ணுக்கு வருகிறது. தெரு மண் படாத செருப்பு. வீட்டுக்கார அக்கா வாரம் தவறாமல் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பார். நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கூடத்திலிருந்து குரல் வரும்: “டீச்சர், செருப்ப மாட்டிக்கிட்டுத் தொறங்க. இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா ஷாக் அடிக்குது.” மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்தான். நானும் சரியென்று செருப்பை மாட்டிக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் ஆவூர்ப் பக்கத்துக்காரி. வேலை கிடைத்து அங்கே போனபோது, அந்த வீட்டின் பின்கட்டை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கென்று தனியாக ஒரு பாத்ரூமும் கட்டித் தந்தார்கள். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன், ஆனால் அவரைப் போனில்தான் தெரியும். வளைகுடாவில் எலக்ட்ரீசியன். பெரிய பெரிய கட்டிடங்களுக்கு வயரிங் செய்கிறவர். சொந்த வீட்டின் வயரிங்கையும் ஒரு லீவில் வந்தபோது தானே இழுத்திருந்தார். கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப்போக எர்த் அமைத்துவிட்டு, அக்காவிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். குழி காயக்கூடாது, தினம் ஒரு குடம் தண்ணீர். அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். வெயில் தணியும் நேரம். அக்கா இடுப்பில் குடத்தோடு வருவார். குழியின் வாயை மூடியிருக்கும் கல்லை நகர்த்துவார், மெதுவாகச் சாய்ப்பார். தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்கும், எங்கேயோ தூரத்தில் யாரோ ஒருவர் குடிப்பதுபோல. நனைந்த கரியின் வாசம் எழும். அண்ணனின் போன் அநேகமாக அந்த நேரத்துக்குத்தான் வரும். “ஊத்துனியா?” “ஊத்திட்டேன்.” “எல்லாம் நல்லாருக்கா?” “நல்லாருக்கோம்.” அதற்குப் பிறகு பேசுவதற்கு அவர்களுக்கு அதிகம் இருக்காது. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு குழியருகே நிற்பார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும்.

என் மதியங்களும் அந்தக் கொல்லையில்தான் கரைந்தன. பாத்ரூம் சுவரிலிருந்து வேப்ப மரம் வரை ஒரு கம்பிக் கொடி. என் காட்டன் சேலைகள் அதில் காயும். விடுமுறை நாட்களில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால், சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லப் புடைத்து எழுவதும் தணிவதும் ஜன்னல் வழியாகத் தெரியும். அதைப் பார்த்தபடியே கண் சொருகும். தூக்கத்திலும் அந்தச் சேலைகள் ஆடிக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காத நல்ல கம்பி, ஒரு சேலையில்கூடக் கறை படவிட்டதில்லை. அதற்காக அக்காவை நான் பாராட்டியும் இருக்கிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நான் அறிவியல் டீச்சர். புவித்தொடுப்புக் கம்பியின், அதாவது எர்த் கம்பியின், நிறம் என்ன, அதன் பயன் யாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். பச்சை என்று எழுதாத பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரப்பர் செருப்பு மாட்டி ஃப்ரிட்ஜைத் திறப்பேன். பாடம் பாடப்புத்தகத்திலும் ஃப்ரிட்ஜ் சமையலறையிலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறை மட்டும், “அண்ணன்கிட்ட சொல்லலாமேக்கா” என்று கேட்டேன். அக்கா உதட்டின்மேல் விரலை வைத்தார். “வெளிநாட்டுல இருக்குறவங்ககிட்ட வீட்டுக் கொறைய சொல்லப்படாது டீச்சர். அங்க அவுக ஒசரத்துல நின்னு வேல பாக்குறாக. நெனப்பு இங்கிட்டு வந்துட்டா என்னாகுறது?” அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். காய்ச்சல், கூரை ஒழுகல் எதுவும் கடல் தாண்டாது. எல்லாம் நல்லாயிருக்கிறது என்பது மட்டும் தாண்டும்.

அக்காவின் மகள் பாப்பா நடக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பட்டாம்பூச்சி பொம்மை மேல் அவளுக்கு ஓயாத ஆசை. அக்கா என்ன செய்தார் தெரியுமா? கடைத்தெருவுக்குப் போய்ச் சின்னதாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து, பெரிய செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான் சிரித்தேன், அழகாக இருக்கிறது என்றேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் அக்காவின் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கொல்லையில் துணி அலச, பாப்பா அந்தத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தாள். எப்போது உள்ளே வந்தாளோ, ஈரக் கால், ஈரக் கை, செருப்பில்லை. நான் திரும்பியபோது ஃப்ரிட்ஜ் கதவுப் பிடியில் கை இருந்தது. ஒரு சத்தம் போட்டாள், அழுகையே இல்லை அது. பின்னால் உதறி விழுந்தாள். தூக்கி நெஞ்சோடு அணைத்தேன். கொஞ்சநேரம் கழித்துத்தான் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட நிம்மதியை என்னால் எழுத முடியாது. அக்கா ஓடிவந்து வாங்கி, கை கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பயந்திருக்கிறாள், வேறொன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, வீடு திரும்பி வாசலில் கால் வைக்கும்போது போன் அடித்தது. அண்ணனின் சாப்பாட்டு இடைவேளை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருக்கோம்” என்றார். நான் போனைப் பிடுங்கினேன். அதற்கு முன்னும் பின்னும் யார் கையிலிருந்தும் நான் எதையும் பிடுங்கியதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். “மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க டீச்சர். பெறகு வீடியோவுல வாங்க, போர்டக் காட்டுங்க” என்றார் அண்ணன். காட்டினேன். கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டிவிட அவர் வைத்திருந்த ட்ரிப் சுவிட்சைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு வயர் போயிருந்தது. “இது யாரு செஞ்சது?” அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “அது சும்மா சும்மா விழுந்துச்சு. பாலெல்லாம் கெட்டுப்போச்சு. தெரிஞ்சவரு ஒருத்தரு நேராக் குடுத்துட்டாரு. ஒங்களுக்குக் கவலையா இருக்கும்னு சொல்லல.” ஃப்ரிட்ஜ் அப்போதே கசிய ஆரம்பித்திருக்கிறது. சுவிட்ச் விழுந்து விழுந்து அதைத்தான் சொல்லியிருக்கிறது.

பிறகு கொல்லைக்குப் போனேன். குழியைக் காட்டினேன், ஈரமாக இருந்தது. சுவரைக் காட்டினேன். “இங்கேருந்து குழிக்கு ஒரு கம்பி போகுமே, அது எங்க?” என்று கேட்டார். கம்பி இல்லை. போனை அப்படியும் இப்படியும் திருப்பினேன். “நில்லுங்க டீச்சர். அந்தச் சேல தொங்குற கம்பி எங்கேருந்து வந்துச்சு?” எனக்காகப் பாத்ரூம் கட்டியபோது கொத்தனார் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்ட கம்பி. வீணாய்ப் போகிறதே என்று அக்கா எடுத்துக் கொடியாகக் கட்டியிருந்தார். நான் குடிவந்த பிறகுதான் ஃப்ரிட்ஜ் அடிக்கிறது என்று அக்கா விளையாட்டாகச் சொல்வதுண்டு. விளையாட்டே இல்லை, அதுதான் உண்மை. என் சேலைகள் அந்தப் பக்கம் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தன.

அக்கா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப நான் ரெண்டு வருசமா ஊத்துனதெல்லாம்?” என்றார். போனில் அண்ணனுக்குப் பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. “நீ ஊத்துனதாலதான் குழி இன்னும் காயாம இருக்கு. கம்பிய மட்டும் சேத்தாப் போதும்” என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சாயங்காலமே அண்ணனின் சிநேகிதர் வந்து புதுக் கம்பி இழுத்து, குறுக்கு வயரை எடுத்தார். பிளக்கைக் கழற்றிவைத்திருந்த ஃப்ரிட்ஜை, வீடியோவில் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். டப்பென்று வீடே அணைந்தது. போனில் அண்ணன், “விழுந்துச்சா? நல்லது, நல்லது” என்றார். மின்சாரம் போனதற்காக ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜை ரிப்பேருக்கு அனுப்பினோம். அக்கா வேறு கயிற்றில் கொடி கட்டினார். ஃப்ரிட்ஜ் திரும்பி வருமுன்பே எனக்கு மாறுதல் வந்தது.

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்காக அறந்தாங்கி போனவள், அந்த வீட்டுக்கும் போனேன். அண்ணன் இன்னமும் வளைகுடாவில்தான். “இப்பல்லாம் தலவலின்னாக்கூடச் சொல்லிருவேன் டீச்சர், திட்டு வாங்குனாலும் பரவால்ல” என்று அக்கா சிரித்தார். குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர், “ஃப்ரிட்ஜுல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிங்க” என்றார். சமையலறை வரை போன என் கால்கள் தாமாகவே நின்று தரையைத் தேடின. செருப்பு இல்லை. அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பாப்பா, முகம் கழுவிய ஈரக் கையோடு, வெறுங்காலோடு, கதவை இழுத்துத் திறந்து, அதிலேயே சாய்ந்து நின்று பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தாள். “என்ன டீச்சர் அப்டிப் பாக்குறீங்க? தண்ணி வேணுமா?” அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவிருக்கத் தேவையுமில்லை.

வேண்டும் என்று சொல்லி அவள் பக்கத்தில் போய் நின்றேன். கொல்லையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த இடத்தில் தரை இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.