சிரட்டையில் கொடுத்த மோர்

அந்தத் தைப்பொங்கலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீர் என்கிறது. அவுஸ்திரேலியாவில், நாங்கள் இருந்த கிரான்பர்னில் தை மாதம் என்றால் மண்டை பிளக்கும் வெயில். பின்வளவில் காஸ் அடுப்பு வைத்துப் பொங்கிவிட்டு எல்லோரும் வேர்த்து ஒழுக உள்ளே ஓடிவந்திருந்தோம். எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் ஊருக்குப் பெரிய வாய்.

அன்றைய விருந்தாளிகள் என் வகுப்புத் தோழியும் அவளுடைய அம்மாவும். அந்த அன்ரி அப்பாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், ஜமேக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து கரும்புத் தோட்டத்துக்கு விற்றார்களாம். அவர்களுடைய குடும்பப் பெயர்கூட அந்தத் தோட்ட முதலாளியின் பெயர்தானாம். அதைக் கேட்டு அப்பா கண்கலங்கியிருக்கிறார். அப்பாவும் தான் ஊரைவிட்டு ஓடிவந்ததையும் முகாமில் கிடந்ததையும் அவருக்குச் சொல்லியிருந்தார். வேலையிடத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அவர்தான். "என்ர கதை முழுக்க விளங்கின ஒரே ஆள்" என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பாவும் வந்து நின்றார். மனிசன் ஊர்ப்பெருமை பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். "எங்கட வளவில வேலை செய்த ஆக்களுக்கெண்டு தனிச் சிரட்டை இருந்தது. வேலியில கொழுவிக் கிடக்கும். வேற ஒருத்தரும் தொடமாட்டினம்" என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தார். என்னுடைய கோப்பையில் தம்பி தினமும் வாய் வைக்கிற வீடு எங்கள் வீடு. ஒருத்தரும் தொடாத தனிக் கோப்பை என்றால் அவர்கள் எவ்வளவு பெரிய ஆட்களாக இருந்திருக்க வேண்டும்!

விடுவேனா? அம்மா துருவிப் போட்டிருந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்தேன். தும்பைச் சுரண்டி, நன்றாகக் கழுவி, மோர் ஊற்றி, அன்ரியிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். மற்ற எல்லோருக்கும் வெறும் கிளாஸ்தான்.

அன்ரிக்கு அப்படி ஒரு சந்தோசம். பாதி குடித்துவிட்டு, இதில் என்ன விசேஷம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வெளுத்துவாங்கினேன். இது முக்கியமான ஆட்களுக்கு மட்டும்; எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் இதில்தான் குடிப்பார்கள்; அவர்கள் தொட்டதை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

"பிள்ளை, வாயை மூடு!" என்று அப்பா கத்தினார். அப்பா என்னை அதட்டியதே கிடையாது.

அன்ரி சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது, ஆகவே நான்தான் மொழிபெயர்த்தேன்.

"சம்பளமோ? அவை எங்கட ஆக்களெல்லோ. சாப்பாடு, உடுப்பு எல்லாம் நாங்கள்தான். எங்கட பூட்டன் காலத்தில காணியோட சேர்ந்து வந்த சனம்" என்றார் பெரியப்பா, சிரித்துக்கொண்டே.

விரும்பினால் வேறு இடம் போகலாமா என்று அன்ரி கேட்டார்.

"எங்க போறது? விடுவமோ?"

அதையும் நானே சொன்னேன். ஒரு சொல் விடாமல், அழகான ஆங்கிலத்தில். சமையலறை வாசலில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்ரி பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தார். "நான் உங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் இதைச் சொல்லவே இல்லையே" என்றார். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஐயோ, அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் தோழி என்னைத் திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

அப்பா வெறுங்காலோடு கொதிக்கிற சீமெந்தில் அவர்களின் பின்னால் ஓடினார். மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கார்வரைக்கும் கெஞ்சினார். அன்ரி காரைத் திறந்தபடி நின்று, "என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்று மட்டும் சொன்னார். பிறகு போய்விட்டார்.

எனக்கு அன்ரிமேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிசன் இந்த வெயிலில் நின்று இப்படிக் கேட்கிறார், மன்னித்தால் என்ன குறைந்துவிடும்? அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்கு விளங்கவே இல்லை.