பனிப் படத்தின் ஓரத்தில் பத்மநாதன்

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தால், மரக்கறிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே நெரிந்துகொண்டு நிற்கிறது ஒரு படக்கடை. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் படம் எடுக்க அங்கே போனவர்களில் கடைக்காரி ஜெயகௌரியிடம் அதட்டு வாங்காமல் திரும்பியவர்கள் குறைவு. "சிரிக்காதேங்கோ. நாடியை உயர்த்தாதேங்கோ. என்னைப் பார்க்க வேண்டாம், கமராவைப் பாருங்கோ." டாக்டரென்றாலும் ஒன்றுதான், கோயில் தலைவரென்றாலும் ஒன்றுதான். வாய் திறந்திருந்தால் படம் திரும்பி வரும். நிழல் விழுந்தாலும் திரும்பி வரும். திரும்பி வந்தால் அவளுக்கு மானக்கேடு. ஆட்களுக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைத் திரையைத் துளி அழுக்கில்லாமல் வைத்திருப்பதிலேயே அவளுடைய காலம் போனது.

இப்படிப்பட்டவள் ஐஸ் மலைகளைப் படம் பிடிக்கிறேன் என்று நாடு நாடாக அலைவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் மகள் விதுஷா செய்த வேலை. பார்மசி படித்து முடித்து வேலையில் சேர்ந்த கையோடு, தாயையும் தகப்பனையும் அவள் நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு பள்ளத்தாக்கின் முடிவில், மலையிலிருந்து வழிந்து வந்து அப்படியே உறைந்து நின்றது ஒரு பனியாறு. மற்றவர்கள் பார்த்தோம் போனோம் என்று தேத்தண்ணி தேடிப் போய்விட்டார்கள். ஜெயகௌரி அசையவில்லை. தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது கிட்டப் போனால் நீலமாக இருந்தது. வெடிப்புக்குள் பார்த்தால் பச்சை. மேலே சாம்பல் கோடுகள். கடையில் தான் இவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்த வெள்ளை, இங்கே யார் சொல்லும் கேளாமல் தன்பாட்டுக்குக் கிடக்கிறதே என்று அவளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

லண்டனுக்குத் திரும்பியதும் நல்ல கமரா ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்கினாள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு பயணம். சுவிஸ், ஆஸ்திரியா, மறுபடியும் நோர்வே. "ஐஸ் பார்க்கிறதுக்கு இவ்வளவு தூரமோ அக்கா? எங்கட வீட்டு பிரீசரைத் திறந்து விடுறன், வந்து ஆறுதலா இருந்து பாருங்கோ" என்று கிங்ஸ்பரியில் இருக்கிற தங்கை பகிடி பண்ணினாள். ஜெயகௌரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயணங்களில் கூடப் போகிறவர் கணவர் பத்மநாதன். ரயில் தண்டவாளம் திருத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் வேலைத்தளத்தில் கொடுத்த ஒரேஞ்சு ஜாக்கெட்டுக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை. "இதைவிடச் சூடான சாமான் லண்டனில இல்லை" என்று எங்கே போனாலும் அதைத்தான் மாட்டுவார். பயணத்தில் அவருக்கு இரண்டு உத்தியோகம். குளிரில் கமரா பற்றறி சட்டென்று இறங்கிவிடும். ஆகவே மேலதிகப் பற்றறிகளை உள்பொக்கெட்டில் வைத்து உடம்புச் சூட்டில் காக்க வேண்டும். அடுத்தது, மனைவி காட்டுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். முன்னால் ஆள் ஒன்று நின்றால்தான் பனியாறு எவ்வளவு பெரியது என்று படத்தில் விளங்கும். பத்மநாதனுக்கு இதில் மனவருத்தம் எதுவும் கிடையாது. படமென்றால் விழுந்தடித்துக்கொண்டு வருகிற மனிதர் அவர். ஹரோவில் நடந்த எந்தக் கலியாண அல்பத்தைப் புரட்டினாலும், கடைசி வரிசையிலாவது கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்.

இந்த ஏற்பாட்டைக் குழப்பியது ஒரு சிரிப்பு. ஜெயகௌரி சேர்ந்திருந்த புகைப்படக் கழகம் வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கும். அவளுடைய படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரர், "எல்லாம் அருமை. ஆனால் உலகத்தில் எந்த ஐஸுக்குப் போனாலும் இந்த ஒரேஞ்சு மனிதர் எனக்கு முன்னே போய் நிற்கிறாரே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ஜெயகௌரிக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த முறை ஆள் வாடையே இல்லாத படம் ஒன்று, வெறும் ஐஸும் வானமும், எடுத்தே தீருவது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அதற்கிடையில் பத்மநாதனின் இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. ஒரு வருடம் எங்கும் போகவில்லை. பிறகு டாக்டர், போய் வரலாம், மூச்சு வாங்க ஏறி இறங்க மட்டும் வேண்டாம் என்றார். விதுஷாவுக்கு அது போதவில்லை.

"அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, ப்ளீஸ். அங்க அவருக்கு ஏதும் நடந்தா என்ன செய்வீங்கள்?"

"நான் பக்கத்தில நிப்பன்தானே."

"பிராமிஸ்?"

"ஓம், பிராமிஸ்."

ஐஸ்லாந்தில் சுற்றுலா பஸ் அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடத்தில், பனியாறு ஒன்று ஏரிக்குள் வாயை வைத்துக்கொண்டு கிடந்தது. கரை முழுக்கக் கறுப்புச் சரளை மேடுகள். இறங்குவதற்கு முன் வழிகாட்டிப் பெண் மைக்கில் விளக்கமாகச் சொன்னாள். பனிமூட்டம் வந்தால் யாரும் நடக்கக் கூடாது. நிற்கிற இடத்திலேயே இருந்துவிட வேண்டும். மேடுகளுக்கு அப்பால் நிலம் சரிந்து நேரே ஏரிக்குள் போகிறது. ஜெயகௌரியின் கண் அப்போதே கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது.

கமராவை ஸ்டாண்டில் பூட்டினாள். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினாள். கூட்டாவிட்டால் கமரா ஐஸைப் பழைய வேட்டி நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு கணவரின் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, இந்த முறை நீங்கள் படத்துக்கு வேண்டாம். அந்த மேட்டுக்குப் பின்னால போய் நில்லுங்கோ. தலை தெரியக் கூடாது."

"தலை தெரியக் கூடாதெண்டால் ஏன் என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீர்? ரெய்னர்ஸ் லேனிலயே தலை தெரியாமல் இருந்திருப்பனே."

"கதைச்சுக்கொண்டு நிக்காமல் போங்கோ. வெளிச்சம் போகப் போகுது."

பத்மநாதன் முணுமுணுத்துக்கொண்டு போனார். ஜாக்கெட் மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. அதன் பிறகு அவள் அவரை நினைக்கவே இல்லை. ஐஸின் நெற்றியில் வெயில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது. நாலு படம் எடுத்தாள். நாலாவதை எடுத்து நிமிரவும், ஏரிப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடவும் சரியாக இருந்தது. பனியாறு இல்லை, மேடு இல்லை, தன்னுடைய ஸ்டாண்டின் கால்கூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"இஞ்சருங்கோ!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. காற்று எதிரே அடித்தது. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். வழிகாட்டிப் பெண் விசில் ஊதி ஊதி ஆட்களைச் சேர்த்தாள். எல்லோரும் வந்தார்கள். ஒரேஞ்சு ஜாக்கெட் மட்டும் வரவில்லை.

அவர் போன மேட்டுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. வேறெங்கே போயிருப்பார் என்று வழிகாட்டி கேட்டாள். இதயத்துக்கென்று காலையில் போட்ட குளிசை அவரை அடிக்கடி ஒன்றுக்குப் போக வைக்கும். ஆகவே கார் நிறுத்துமிடத்துக் கழிப்பறைப் பக்கம்தான் போயிருப்பார் என்று ஜெயகௌரி அடித்துச் சொன்னாள். வழிகாட்டியும் பஸ் சாரதியும் கார் நிறுத்துமிடத்துப் பாதை முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். வழிகாட்டி போனில் மீட்புப் படையைக் கூப்பிட்டாள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "இதய நோயாளி" என்று சொன்னது ஜெயகௌரிக்குக் கேட்டது. படை வந்துசேர நேரமெடுக்குமாம்.

 ஸ்டென்ட் வைத்த மனிதரை, கழகத்தில் எவனோ சிரித்தான் என்பதற்காக, தலை தெரியாமல் போய் நில்லுங்கோ என்று தள்ளிவிட்டோமே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். விதுஷாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் இல்லாத வீட்டுக் கதவை எப்படித் திறப்பது? என்ன செய்வதென்று தெரியாமல், கை பழகிய பழக்கத்தில் கமராவைத் தட்டி எடுத்த படங்களைப் பார்த்தாள். பற்றறி அடையாளம் சிவப்பாக மினுங்கியது. மாற்றுப் பற்றறி எல்லாம் அவருடைய பொக்கெட்டில்.

முதல் படம். ஐஸும் வானமும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ஆசைப்பட்ட வெறுமை அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அடுத்ததைத் தட்டினாள். நாலாவது படத்தில், வலப்பக்க ஓரத்தில் ஏதோ அழுக்கு. கடைக்காரப் புத்தி, அதைப் பெருப்பித்துப் பார்த்தாள். அழுக்கு ஒரேஞ்சு நிறமாக இருந்தது. இன்னும் பெருப்பித்தாள். கையை உயர்த்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, பத்மநாதன் நின்றார்.

முதலில் வந்தது ஆத்திரம். "எத்தினை தரம் சொன்னனான் இந்த மனுசனுக்கு!" என்று வாய் தன்பாட்டில் சொன்னது. அடுத்த மூச்சில்தான் அவர் எங்கே நிற்கிறார் என்பது மண்டையில் ஏறியது. அவள் காட்டிய மேட்டில் அல்ல. அதற்கும் அப்பால், ஏரிப் பக்கமாக நிற்கிற உயரமான மேட்டில். காட்டிய இடத்திலிருந்து கமரா தெரியவில்லைப் போலும், தெரிகிற இடம் தேடி ஏறியிருக்கிறார். எல்லோரும் தேடியது நேர் எதிர்ப்பக்கம். ஜெயகௌரி கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வழிகாட்டியின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அந்தப் பெண் படத்தையும் ஸ்டாண்ட் பார்த்த திசையையும் மாறி மாறிப் பார்த்தாள். கமரா அணைந்தது. வழிகாட்டி கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளைக்குள் போனாள்.

விசில் சத்தம் தூரத்தூரப் போனது. ஜெயகௌரி தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு, தெரியாத ஐஸ்லாந்துத் தெய்வத்தையும் விடாமல் கூப்பிட்டாள். விசில் நின்றது. பிறகு இரண்டு முறை கேட்டது. பிறகு வெள்ளைக்குள் ஒரு ஒரேஞ்சுக் கறை தோன்றி, மெல்ல மெல்லக் கையும் காலும் முளைத்து நடந்து வந்தது.

அதைக் கண்டதும் ஜெயகௌரி சரளையில் அப்படியே இருந்துவிட்டாள்.

"ஏன் அங்க நிண்டனீங்கள்? கூப்பிட்டது கேக்கேல்லையே?" என்று அழுகைக்குள்ளும் அதட்டினாள்.

"ஒண்டும் கேக்கேல்லை. பனிப்புகார் மூடின உடன அப்பிடியே இருந்திட்டன். அந்தப் பிள்ளை பஸ்ஸில சொன்னவ எல்லோ." பத்மநாதன் அவளுக்குப் பக்கத்தில் பக்குவமாகக் குந்தினார். "அதோட, நீர் எப்பவும் படம் முடிஞ்சா 'சரி, வாங்கோ' எண்டு சொல்லுவீர். நீர் சொல்லேல்லை. அதுதான் காத்துக்கொண்டிருந்தனான்." பொக்கெட்டுக்குள் கையை விட்டார். "பற்றறி நல்ல சூடாயிருக்கு. வேணுமே?"

ஜெயகௌரி சிரித்தாள். சிரிப்பும் அழுகையுமாக வந்ததில் மூக்கு ஒழுகியது. அன்று அவள் வேறு படம் எடுக்கவில்லை. பஸ்ஸில் வைத்து இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விதுஷாவுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியக் கூடாது.

ஹீத்ரோவில் விதுஷா வந்து காத்துக்கொண்டு நின்றாள். தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். குளிசை எல்லாம் ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டாள். "எல்லாம் நல்லாப் போச்சுது மகள்" என்றார் பத்மநாதன், வலு கெட்டித்தனமாக. பார்க்கிங்குக்குப் போகிற லிஃப்டுக்கு வரிசை நீண்டிருந்தது. விதுஷா தாயின் தோளிலிருந்து கமராவை வாங்கி, புதுப் பற்றறி போட்டிருந்த அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"வாவ் அம்மா! தட்ஸ் ஸ்டன்னிங். இதைத்தானே கண்காட்சிக்கு..." என்றவள் படத்தைப் பெருப்பித்தாள். "ஐயோ அப்பா! அம்மாவின்ட ஷொட்டைப் பழுதாக்கிப் போட்டீங்கள், பாருங்கோ!" வாய்விட்டுச் சிரித்தாள். "டோன்ட் வொரி அம்மா. போனுக்கு மாத்தினா ஆப்பில இரண்டு செகண்ட். அப்பாவை அழிச்சு விடுறன். அவர் அங்க நிண்டதே ஒருத்தருக்கும் தெரியாது."

"அழிக்காதை!"

ஜெயகௌரி போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. ஜெயகௌரி கமராவைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்துக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று, தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மேட்டுக்குப் பின்னால் போகச் சொன்னதை, கார் நிறுத்துமிடத்துப் பக்கம் தேட வைத்ததை, அந்த ஓரத்து அழுக்கை. முடிவெடுத்ததெல்லாம் காற்றில் போயிற்று.

விதுஷாவின் முகம் வெளுத்தது. ஏச வாயெடுத்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். அவர் முழுசாக, மூக்கு மட்டும் குளிரில் உரிந்தபடி, கையில் பயணப் பையோடு நின்றார். அவளால் ஏச முடியவில்லை. தாயைக் கட்டிப் பிடித்தாள்.

"எனக்கென்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை" என்றார் பத்மநாதன், சுற்றி நிற்கிற சனத்தைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு. "லிஃப்ட் வந்திட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன்."

"இல்லை" என்றாள் ஜெயகௌரி. கண்ணைத் துடைத்தாள். சனம் பார்க்கிற இடத்தில் அவருடைய விரலைக்கூட என்றைக்கும் தொடாதவள், அந்த ஒரேஞ்சு ஜாக்கெட்டின் கையைக் கொத்தாகப் பிடித்தாள். "நீங்கள் எனக்கு முன்னால நடவுங்கோ."